‘தொடலாம்’ என்று சொன்னவள்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தப் பெண் கெட்டது இரண்டு ஆண்பிள்ளைகளின் வாயால். கெட்ட பேர் மட்டும் அவளுக்கு.

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் உத்தியோகம். ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், காற்றைத் தவிர மற்றதெல்லாம் தருகிற ஒரு மின்விசிறி. டிப்போவிலிருந்து துண்டுச் சீட்டு வரும். ‘ஓட்டை வண்டி மறுபடி படுத்துடுச்சு, மேனேஜர் மண்டையில களிமண், எவனும் வந்து கேக்க வேண்டாம்’ என்று டிரைவர் கிறுக்கியிருப்பான். அவள் மைக்கை அழுத்தி, ‘தொழில்நுட்பக் காரணங்களால் வண்டி சற்றுத் தாமதமாகப் புறப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்பாள். உண்மையில் அங்கே யாரும் வருந்தவில்லை. டிரைவர் வருந்தவில்லை, மேனேஜர் வருந்தவில்லை, அவளுக்கும் அதற்கெல்லாம் நேரமில்லை. ஆனால் காத்திருக்கிற ஜனங்கள் கல்லெடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குத்தான் சம்பளம். தெருவில் அவளை ‘மைக்’ என்றே கூப்பிடுவார்கள். “மைக் அக்கா, இன்னிக்கு எத்தனை வண்டிக்கு வருத்தப்பட்டீங்க?” என்று பழக்கடைக்காரி தினமும் கேட்பாள். தினமும் கேட்டால் அது கேலியில்லை, தொல்லை.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவன், அவளுடைய அண்ணன். கணவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். அண்ணன் டிரான்ஸ்பார்மர் தொழிற்சாலையில் ரெசின் ஊற்றுகிறவன். ரெசின் என்பது தேன்போல் வழியும் ஒரு பிசின். அச்சில் ஊற்றி இறுகவிட்டால் மின்சாரம் புகாத கட்டியாகிவிடும். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாடியறையில் இருந்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, தங்கைக்குச் சோறாக்கிப் போட்டு, கோணல் வகிடெடுத்துத் தலை வாரிவிட்டு ஆளாக்கியவன் அவன். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஆள்தான். அவன் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அவள் இந்த வீட்டில் கேட்டது அவ்வளவே.

மச்சானையும் மாப்பிள்ளையையும் சேர்த்து வைத்திருந்தது ஒரு பைத்தியம். அணுவோடு அணுவை ஒட்டவைக்கிற பைத்தியம். சூரியனுக்குள் நடக்கிற காரியத்தை இவர்கள் பின்னறையில் நடத்தப் போகிறார்களாம். குடத்தளவு எஃகு உருண்டை ஒன்று. அதிலுள்ள காற்றை பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, துளியூண்டு வாயுவை உள்ளே விட்டு, நடுவில் தொங்கும் கம்பிக்கூட்டுக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால் ஊதா வெளிச்சம் வரும். வாயுவின் அணுக்கள் நாலாப் பக்கமிருந்தும் ஓடிவந்து மோதும். கோடானுகோடியில் ஒரு ஜோடி ஒட்டும். ஒட்டினால் ஒரு நியூட்ரான் பறக்கும், பக்கத்திலிருக்கும் கருவி ‘டிக்’ என்னும். அந்த ஒரு டிக்குக்காக இரண்டு வளர்ந்த ஆண்கள் விடுமுறை நாட்களையெல்லாம் தின்றார்கள். உலகத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்களாம். அவர்கள் வீட்டுப் பெண்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மின்சாரத்தை நிதானமாக விட்டவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கம்பிக்கூட்டுக்கு வோல்ட் கொண்டுபோகிற தண்டு, எஃகுச் சுவரைத் தொடாமல் உள்ளே நுழைய வேண்டும். தண்டைச் சுற்றி அண்ணன் ரெசினில் ஓர் இன்சுலேட்டர் ஊற்றிக் கொடுத்தான். கணவன் செய்த இரும்பு வளையம் அதை உருண்டையோடு சேர்த்துப் பிடித்தது. மணிக்கணக்கில் தாங்கியது. “மச்சான் கை மச்சான் கைதான்” என்று கணவனே அப்போது சொன்னான். வாய்க்கு அப்படியும் பேசத் தெரியும்.

பிறகு கணவனுக்கு ஆசை வந்தது. நிதானமாக விட்டால் கம்பிக்கூடு காய்ந்து சிவந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, வோல்ட்டை கெபாசிட்டர்களில் சேர்த்துவைத்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒரே வீச்சில் கொட்டினால் டிக்குகள் மழையாய்ப் பொழியுமே. அந்த வீச்சுக்கு அவர்கள் வைத்த பேர் பல்ஸ். முதல் பல்ஸிலேயே இன்சுலேட்டர் ‘டப்’ என்று போயிற்று. மூட்டையைத் தோளில் ஏற்றினால் ஒருவன் நாளெல்லாம் நிற்பான். அதே மூட்டையை மாடியிலிருந்து அவன்மேல் போட்டுப் பாருங்கள். அதோடு, அனுப்பிய வோல்ட் தண்டின் முனையில் போய் அலையடித்துத் திரும்பும்போது ஒரு கணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். நிதானத்தில் மன்னித்துவிடுகிற சின்னச் சின்னக் குறைகளையெல்லாம் பல்ஸ் மன்னிக்காது. உடைத்துப் பார்த்தால் ரெசினுக்குள் கறுப்பாகக் கிளைவிட்டு ஓடியிருக்கும். ஊற்றினார்கள், போயிற்று. மறுபடி ஊற்றினார்கள், மறுபடி போயிற்று.

மாதம் ஒருமுறை இதே பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் கணவன், போன இன்சுலேட்டரை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, கைக்குக் கை அனுப்பினான்.

“பாருங்க, கடுகு மாதிரி குமிழி. ஒவ்வொரு பல்ஸுக்கும் இதுக்குள்ள பொறி பறக்கும். பறந்து பறந்து ரெசினை அரிச்சிடும். எங்க மச்சான் கைவேலை!”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. “அந்த இரும்பு வளையத்தையும் கொஞ்சம் பாருங்க. ஓரம் கத்தி மாதிரி இருக்கு. இரும்பும் ரெசினும் வெற்றிடமும் சேர்ற இடத்துல கத்தியை வெச்சா, பொறி அங்கேதான் கிளம்பும். எக்ஸ்ரே மிஷின்ல ஸ்க்ரூ முடுக்கறவருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகுது?” என்றான்.

அதற்கும் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரியாதவர்கள் இருவர், கூடமும் நிஜமாகவே கோணல். குமிழியும் இருந்தது, கத்தி ஓரமும் இருந்தது. இருவர் சொன்னதும் உண்மை, இருவருக்கும் அது பொறுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றது.

பேச்சு நின்றால் இயந்திரமும் நின்றிருக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் கணவனுக்கு ரெசின் ஊற்றத் தெரியாது, அண்ணனுக்கு மின்பலகை ஓட்டத் தெரியாது. விட்டுத் தொலைக்கவும் இரண்டு பேருக்கும் மனசில்லை. இயந்திரம் இருக்கும் அறை வீட்டின் நடுவில். பல்ஸ் விடும்போது எக்ஸ்ரே கதிரும் கிளம்புமென்பதால் அந்த அறையில் யாரும் இருக்கக் கூடாது. கணவன் முன்னறையில் சுவிட்சுப் பலகையருகே நிற்பான். அண்ணன் கொல்லைப்புறத்தில் பம்ப் அருகே நிற்பான். ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியாது, ஓங்கிக் கத்தினால்தான் குரல் எட்டும். நல்ல நாட்களில் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பல்ஸ் முடிந்ததும் கணவன் உள்ளே போய், எர்த் கம்பி கட்டிய நீளக் கழியின் கொக்கியை கெபாசிட்டரில் மாட்டி, மிச்ச மின்சாரத்தைத் தரையில் இறக்குவான். அதன் பிறகு அண்ணன் “தொடலாமா?” என்று கேட்க வேண்டும். “தொடலாம்” என்ற சொல் காதில் விழாமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

சட்டத்தை மீறினால் சாவு. பேசினால் மானம் போய்விடும். அப்போதுதான் இரண்டு பேருக்கும் அவள் ஞாபகம் வந்தது. முன்னறைக்கும் கொல்லைக்கும் இடையில் ஓடுகிற நடையில் ஒரு முக்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். வாரம் முழுக்கக் கண்ணாடிக் கூண்டு, விடுமுறை நாளில் முக்காலி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், மத்தளத்துக்காவது தோல் கெட்டி.

“உங்கண்ணன்கிட்ட கேளு, பம்ப் ஓடுதா இல்ல அந்த ஆள் மாதிரியே தூங்குதா?” என்பான் கணவன்.

அவள் கொல்லைப் பக்கம் திரும்பி, “அண்ணா, பம்ப் எப்படி ஓடுதுன்னு கேக்கறார்” என்பாள்.

“ஓடுதுன்னு சொல்லு. அவன் அப்பன் வீட்டுப் பம்ப் இல்ல, நான் தூக்கிட்டு வந்தது.”

அவள் முன்னறைப் பக்கம் திரும்பி, “நல்லா ஓடுதாம்” என்பாள்.

வசவை வடிகட்டுவது அவளுக்குப் பழகிய வேலை. முதலில் வசவை மட்டும்தான் எடுத்தாள். போகப் போக, வசவு ஒட்டிக்கொண்டிருந்த விஷயத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் இவர்கள் இருவரும் விஷயத்தைத் தனியாகவும் வசவைத் தனியாகவும் பேசுகிற ஜாதி இல்லை. ஒருநாள் கணவன் சொன்னான்: “அந்த மாட்டுக்குச் சொல்லு, ரெசினைக் கலக்கும்போது குமிழி எடுத்தா பத்தாது, அச்சுல ஊத்தின பிறகும் வேக்குவத்துல வெச்சு காத்தை உறிஞ்சணும். இதுகூடத் தெரியாம இத்தனை வருஷமா ஃபாக்டரியில என்னத்தைப் புடுங்கினான்னு கேளு.” அவள் யோசித்தாள். ‘மாடு’ போக வேண்டும். ‘புடுங்கினான்’ போக வேண்டும். மிச்சத்தைச் சொன்னாலும் அண்ணனுக்கு அவன் தொழிலையே கற்றுக்கொடுப்பது போலிருக்கும், முகம் சுருங்கிவிடும். “அண்ணா, இந்தத் தடவை ரொம்ப நல்லா வந்திருக்காம். இன்னும் கொஞ்சம் பொறுமையா ஊத்தினா இன்னும் நல்லா வருமாம்” என்றாள். அண்ணன் திருப்தியாகத் தலையசைத்தான். குமிழி குமிழியாகவே இருந்தது.

அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. “அந்தக் குருடன்கிட்ட சொல்லு, வளையத்தோட ஓரத்தை மழுக்கினா மட்டும் பத்தாது, அதை ரெசினுக்குள்ள புதைக்கணும். கண்ணு தெரியலன்னா நானே வந்து மூஞ்சியில புதைக்கிறேன்” என்றான். அது முன்னறைக்குப் போனபோது, “வளையத்தை ஒரு தரம் பாத்துக்கச் சொல்றார்” என்று ஆகியிருந்தது. கணவன் ஒரு தரம் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

இன்சுலேட்டர்கள் போய்க்கொண்டே இருந்தன. தான் சொன்னதை வேண்டுமென்றே கேட்காமல் எதிராளி நாசம் செய்கிறான் என்று இருவருமே நம்பினார்கள். “எத்தனை தடவை சொன்னாலும் உறைக்குதா பாரு” என்று கணவன் பல்லைக் கடிப்பான். “காதுல ஈயமா காய்ச்சி ஊத்தியிருக்கான்?” என்று அண்ணன் முணுமுணுப்பான். அதையும் அவள்தான் வடிகட்டினாள். தண்ணீர் ஊற்றி அணைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் இருந்தது தண்ணீர்தானா என்று முகர்ந்து பார்க்கவில்லை.

அந்த விடுமுறை நாள் காலையில் அண்ணன் அடுக்களைக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னான். “ஃபாக்டரி பக்கத்துல ஒரு ரூம் பாத்துட்டேன்.”

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. “எதுக்கு அண்ணா?”

“எதுக்கா? இன்னிக்கு அந்த ஆள் வாயில இருந்து ஒரு வார்த்தை தப்பா வரட்டும். சாயங்காலமே பெட்டியைக் கட்டிடுவேன். மாடிப்படி ஏறி இறங்கும்போது அந்த மூஞ்சியைப் பாக்கறதே எனக்கு ஆகல பாப்பா.”

கணவனிடம் போய்க் கெஞ்சினாள். “இன்னிக்கு ஒரு நாளாவது வாயை அடக்கிட்டு இருங்க.”

“என் வாய் சும்மாதான் இருக்கு. உங்கண்ணன் கை சும்மா இருக்கட்டும்” என்றான் அவன். சொல்லிவிட்டுப் புது கெபாசிட்டர்களைத் துடைக்கப் போனான். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிக்கொண்டு வந்தவை, ஒவ்வொன்றும் பெட்டியளவு. முன்பிருந்த சின்னவை ஒருமுறை காலி செய்தால் காலிதான். கணவன் மாட்டிய கொக்கி இடைஞ்சலாக இருந்தால், கழியோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்ப்பது அண்ணன் பழக்கம். கணவனும் அதைக் கண்டுகொண்டதில்லை. ஆனால் இந்தப் பெரியவை வேறு மாதிரி என்பதை முந்தின நாள்தான் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்திருந்தான். இவற்றுக்குள் இருக்கும் காப்புப் பொருளே மின்சாரத்தைக் கொஞ்சம் குடித்து வைத்துக்கொள்கிறது. கொக்கி மாட்டியிருக்கும்வரை சாது. எடுத்துவிட்டால் சில நிமிஷங்களில், குடித்ததை மெல்லக் கக்கி, ஆளை வீழ்த்துமளவுக்குத் தானாகவே ஏறிவிடும். கொக்கியை மாட்டியபடியே விட வேண்டும், ஒரு நொடிகூட எடுக்கக் கூடாது.

பல்ஸ் விட்டார்கள். ஒன்று தாங்கியது. இரண்டு தாங்கியது. மூன்றாவதில் அந்தப் பழகிய ‘டப்’. கணவன் கழியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, மச்சான் முகம் கண்ணில் படுவதற்குள் பலகைக்குத் திரும்பினான். கொல்லையில் பம்ப் நின்றது.

“தொடலாமான்னு கேளு” என்றான் அண்ணன்.

“தொடலாமான்னு கேக்கறார்” என்றாள் அவள்.

கணவன் பொரிந்து தள்ளினான். “உங்கண்ணனுக்கு இருக்கிறது கையா, உலக்கையா? குமிழி இல்லாம ஊத்தத் துப்பில்ல, கழட்டி மாட்டறதுக்கு மட்டும் முதல் ஆளா வந்துடுவான். போன தடவை மாதிரி இடைஞ்சலா இருக்குன்னு கொக்கியை எடுத்து ஓரமா வெச்சிட்டுக் கையை விட்டான்னா கருகிச் சாவான். புது கெபாசிட்டர் காலியானாலும் தானா ஏறிக்கும். சாகட்டும், எனக்கென்ன வந்தது. தொடலாம்னு சொல்லு போ.”

அவள் இரண்டு வருஷமாகச் சாவு என்ற சொல் வருகிற வாக்கியத்தை ஒன்றுகூடக் கொல்லைக்குக் கடத்தியதில்லை. வாரத்துக்கு நாலு தடவை இவன் அவனைச் சாகடிப்பான், அவன் இவனைப் பாடையில் ஏற்றுவான். இன்றைக்கு இதைச் சொன்னால் சாயங்காலம் மாடியறை காலி. முழுவதையும் மென்று விழுங்கினாள். கொல்லைப் பக்கம் திரும்பி, “அண்ணா, தொடலாம்” என்றாள்.

அண்ணன் உள்ளே போனான். கழி இடைஞ்சலாக இருந்தது. எடுத்து ஓரமாக வைத்தான். இன்சுலேட்டரின் மரையாணிகள் இறுகிக்கிடந்தன. பொறுமையாக ஒவ்வொன்றாகக் கழற்றினான். பொறுமையாகச் செய்யும்படிதானே அவள் அடிக்கடி சொல்லிவந்தாள். கடைசி மரைக்குக் கையை நீட்டும்போது விரல்கள் கெபாசிட்டரின் முனையைத் தொட்டன.

சத்தம் சாட்டையடி போலக் கேட்டது. அதன்பின் ஒரு கனமான உடம்பு விழுகிற சத்தம். அவள் எழுந்து ஓடுவதற்குள் கணவன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, கழியை எடுத்து முதலில் கொக்கியை மாட்டினான். பிறகு தரையில் உட்கார்ந்து அண்ணனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான்.

“மச்சான்! கண்ணைத் தொற மச்சான்! என்னைத் திட்டவாவது தொற!”

மச்சான் கண்ணைத் திறந்தான். திட்ட வாயெடுத்தான், நாக்கு புரளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “நல்ல வேளை, முழங்கை அந்த எஃகு உருண்டையில் பட்டுக்கிட்டு இருந்திருக்கு. கரண்ட் கையோடு போயிடுச்சு. நெஞ்சு வழியாப் போயிருந்தா பேச்சே இல்ல.” தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் போனது ரெசின் ஊற்றுகிற கையின் இரண்டு விரல் நுனிகள். கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அவள் கால்மாட்டில் நின்றாள், கணவன் தலைமாட்டில் நின்றான். அண்ணன் மயக்கம் தெளிந்து சரியாகக் கண் விழித்ததும் கணவனுக்குப் பயம் போய், அதன் இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

“அறிவிருக்கா மச்சான் உங்களுக்கு? கொக்கியை எடுக்காதேன்னு சொல்லியனுப்பினேனே!”

“எப்போ சொன்னீங்க?”

“இப்போதான். கையை விடறதுக்கு முன்னாடி. தானா ஏறிக்கும், எடுத்தா கருகிச் சாவீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“எனக்கு ஒண்ணும் வரலையே மாப்பிள்ளை. ‘தொடலாம்’னு மட்டும்தான் வந்தது.”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். அதை அவள் கேட்டுச் சந்தோஷப்படுவதற்குள் இரண்டு தலைகளும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.

“நீ என்ன சொன்னே?” என்றான் கணவன்.

“தொடலாம்னு சொன்னேன்.”

“மிச்சம்?”

அவள் குரல் உயர்ந்தது. பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. “மிச்சமா? எந்த மிச்சம் வேணும்? மாடுன்னு சொன்னீங்களே, அந்த மிச்சமா? என்னத்தைப் புடுங்கினான்னு கேட்டீங்களே, அதுவா? அண்ணா, உனக்கும் இருக்கு. குருடன்னு சொன்னே. மூஞ்சியிலயே புதைக்கிறேன்னு சொன்னே. பாடை கட்டணும்னு சொன்னே. ஈயம் காய்ச்சி ஊத்தியிருக்கான்னு சொன்னே. எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு. வேணுமா? வாங்கிக்குங்க.”

கொட்டினாள். தேதி வாரியாக இல்லை, நினைவுக்கு வந்தபடி கொட்டினாள். பக்கத்துக் கட்டில் நோயாளி வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தான். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே போனாள். அவர்கள் வெட்கப்படுவார்கள், தலை குனிவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவனாவது, ‘இத்தனையையும் நீயா தாங்கினே?’ என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள்.

“இரு இரு” என்றான் அண்ணன், கட்டுப்போட்ட கையைத் தூக்கி. “என்ன சொன்னே? அச்சுல ஊத்தின பிறகும் வேக்குவத்துல வெக்கணும்னா?”

“அதைத்தான் மச்சான் போன வருஷத்துல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!”

“எனக்கு வந்தது ‘பொறுமையா ஊத்து’ன்னு!”

“நீங்க புதைக்கச் சொன்னது வளையத்தையா? ரெசினுக்குள்ளயா?”

“பின்னே? ஓரம் வெற்றிடத்துல வெளியே தெரியவே கூடாது மாப்பிள்ளை. அப்புறம் பொறிக்கு ஏறப் படி ஏது?”

“அடப்பாவி!” என்று கணவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்தப் பாவி மச்சான் இல்லை. “எனக்கு ‘ஒரு தரம் பாத்துக்கோ’ன்னு வந்தது மச்சான். நானும் பாத்தேன்!”

பிறகு அவர்களுக்கு அவள் அங்கே நிற்பதே மறந்துபோயிற்று. வளையத்தை எவ்வளவு ஆழம் புதைப்பது, அச்சை எவ்வளவு நேரம் வேக்குவத்தில் வைப்பது, அலையடிப்பதைக் குறைக்க வழியில் எதை மாட்டுவது என்று விரலால் போர்வையில் படம் போட்டார்கள். விரல் இல்லாத இடத்தில் மாப்பிள்ளையின் விரல் உதவியது. பேசி முடித்தபோதுதான் கணவன் நிமிர்ந்து, “ரெண்டு வருஷம். ரெண்டு வருஷத்தை நாசம் பண்ணிட்டே” என்றான்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். “அப்படியே வந்து சொல்லியிருந்தா நீ வீட்டை விட்டுப் போயிருப்பே அண்ணா.”

“போயிருப்பேன்” என்றான் அண்ணன். “விரலோட போயிருப்பேன்.”

அவன் சொன்னது உண்மை என்பதால் அது இன்னும் எரிந்தது.

கை ஆறிய பிறகு அண்ணன் இடது கையால் கலக்கினான், மாப்பிள்ளை ஊற்றினான். அச்சோடு வேக்குவத்தில் வைத்தார்கள். பிசின் நுரைத்துப் பொங்கி, குமிழி விட்டு அடங்குகிறவரை இரண்டு பேரும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையத்தின் ஓரம் ரெசினுக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நடையிலிருந்த முக்காலியை யாரோ மாடிக்குக் கொண்டுபோய் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் இப்போது வீடு அதிரக் கத்திக்கொண்டார்கள்.

“தொடலாமா மாப்பிள்ளை?”

“தொடாதீங்க, இன்னும் கொக்கி மாட்டல! சாகறதுக்கு அவ்வளவு அவசரமா உங்களுக்கு?”

“நீங்க மாட்டறதுக்குள்ள நான் கிழவனாகியே செத்துடுவேன். சீக்கிரம் மாட்டுங்க, அறிவுகெட்ட ஆளே!”

அடுக்களையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அறிவுகெட்ட ஆள் என்ற அந்தச் சொல்லை அவள் எத்தனை தடவை விழுங்கியிருப்பாள்! மாப்பிள்ளைக்கு அது காதில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. சிரிக்கிற சத்தம் வந்தது. யாரும் பெட்டி கட்டவில்லை. ஃபாக்டரி பக்கத்து ரூமைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. அவள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது, அவளுக்கு இருவரையும் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது.

இன்சுலேட்டர் தாங்கியது. ஒன்று, இரண்டு, பத்து பல்ஸ், இருபது பல்ஸ். எண்ணும் கருவி டிக்கில் ஆரம்பித்து, தகரக் கூரையில் மழை பெய்வது போலச் சடசடத்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த சத்தத்தில் அடுக்களைப் பாத்திரங்கள் ஆடின. அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகக் கணவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் விரலைத் தின்றவளோடு என்ன பேச்சு என்று, அவள் காதுபடவே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வியர்க்க விறுவிறுக்க இரண்டு பேரும் அடுக்களை வாசலுக்கு வந்தார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கணவன் அவளைப் பார்க்காமல், அண்ணன் பக்கம் திரும்பிச் சொன்னான். “மச்சான், சொன்னதைச் சொன்னபடி சொல்லத் தெரியாத அந்தக் கழுதைகிட்ட சொல்லுங்க, தொண்டை காயுது, டீ போடச் சொல்லி.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் ஒரு கணம் வாயைத் திறந்து மூடினான். கோணல் வகிடெடுத்துத் தலை வாரிவிட்டவன், ஏதாவது செய்வான் என்று காத்திருந்தாள். ‘டீ போடு பாப்பா’ என்று மட்டும் சொன்னால் போதும். அவள் செய்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

“பாப்பா, சொன்னதைச் சொன்னபடி சொல்லத் தெரியாத அந்தக் கழுதைகிட்ட, தொண்டை காயுதாம், டீ போடச் சொல்றார் மாப்பிள்ளை” என்றான் அண்ணன், ஒரு எழுத்துக்கூட விடாமல். சொல்லிவிட்டு, சரிதானே என்பது போல மாப்பிள்ளையைப் பார்த்தான்.

அவனுக்காக அவள் விழுங்கியது இரண்டு வருஷத்து வசவு. அவளுக்காக அவன் ஒரு கழுதையைக்கூட விழுங்கவில்லை. கொதித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் டீ குடிக்கவில்லை.